மாமா பக்கம் ஓடு, என் பக்கம் தகரம்

கையெழுத்து அழகாக இருப்பவர்கள் வாழ்க்கையில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். கையெழுத்து கோழி கிளறியது போல இருப்பவனுக்குப் பிரச்சினை இல்லை. எங்கே போடச் சொன்னாலும் அவன் வெட்கப்பட்டு இரண்டு முறை யோசிப்பான். நமக்கு அப்படியா? பேனையைக் கண்டாலே கை துறுதுறுக்கும். முதல் எழுத்தைச் சுழற்றி, கடைசி எழுத்தின் வாலை இழுத்து, கீழே இரண்டு புள்ளி வைத்து முடிக்கும் வரை என்ன தாளில் போடுகிறோம் என்ற நினைப்பே வராது.

நான் அப்படித்தான் என் தாய்மாமனோடு சேர்ந்து ஒரு வங்கிக் கணக்குத் திறந்தேன்.

மாமா பழுகாமத்துக்காரர். அம்மாவுக்கு ஒரே அண்ணன். பட்டிருப்புப் பாலம் தாண்டி அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வட்டை வயல் இருந்தது. பெரிய மீசை, பெரிய குரல், அதைவிடப் பெரிய கை. கலியாணம், திருவிழா என்று எங்கே போனாலும் முதல் ஆளாக அள்ளிக் கொடுப்பார். கையில் இருக்கிறதா என்று பார்ப்பது பிறகு. நான் அப்போதுதான் ஆசிரியராக நியமனம் பெற்றிருந்தேன். உயர்தர வகுப்புக்குக் கணக்கியல் (இந்த விபரத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானம் போவதே இதில்தான்). ஒரு நாள் மாமா ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"மருமகன், நீ சம்பளக்காரன். என்ட பேரோட உன்ட பேரும் சேந்து கிடந்தா பேங்குகாரன் கதிர போட்டு இருத்திக் கதைப்பான். எனக்கு மட்டும் எண்டா நிண்டபடி அனுப்பிருவான்."

"எனக்கு அதில என்ன வேலை மாமா?"

"ஒரு வேலையும் இல்ல. பேர் சும்மா கிடக்கும்."

நான் கொஞ்சம் இழுத்தேன். குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "மாமன் கேட்டு மருமகன் யோசிக்கிறதா? உன்னத் தோளில தூக்கித் திரிஞ்ச மனிசன்!"

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் சும்மா ஒரு சொந்தக்காரர் இல்லை. வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அவர் வந்து நிற்காமல் ஒரு காரியமும் நகராது. அவரிடம் 'ஏலாது' என்று சொல்வதற்கு எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. அதோடு புதிய ஆசிரியர், புதிய பேனை, அழகான கையெழுத்து. புளியந்தீவில் ஒரு வங்கிக்குப் போய், குறுக்குப் போட்டிருந்த இடங்களிலெல்லாம் வாலை இழுத்து இழுத்துப் போட்டேன். அது நடைமுறைக் கணக்கு, மேலதிகப்பற்று வசதியும் உண்டு, அதாவது கணக்கில் காசு இல்லாவிட்டாலும் ஓரளவு வரை எடுக்கலாம், இருவரில் ஒருவர் கையொப்பமிட்டாலே போதும் என்று அங்கிருந்தவர் ஒவ்வொன்றாக விளக்கினார். நான் தலையாட்டினேன். இதையெல்லாம் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவனுக்கு இவர் என்ன விளக்குவது என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வேறு. காசோலைப் புத்தகம் மாமாவின் சட்டைப் பைக்குள் போனது. முகவரி என்ற இடத்தில் மாமா பழுகாமத்து முகவரியையே கொடுத்தார். எனக்கு அன்று மத்தியானம் கடையில் கோழிக்கறியும் சோறும் கிடைத்தது. அந்தக் கணக்கிலிருந்து எனக்கு நேரடியாகக் கிடைத்த ஒரே வருமானம் அதுதான்.

பிறகு அதை நான் மறந்துவிட்டேன். பேர் சும்மா கிடக்கும் என்றார், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து என் தங்கச்சி தயாவுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை செங்கலடி, நல்ல பிள்ளை. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் தங்கச்சி உள்ள அண்ணன்மாருக்குச் சம்பளம் என்பது கல்லாகவும் மணலாகவும்தான் கண்ணில் படும். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. சுவர் எழுப்பும் வரை நான் எப்படியோ சமாளித்துவிட்டேன். கூரை மிச்சம். கூரை இல்லாத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளையும் வந்து குடியேற மாட்டார். ஆவணியில் கலியாணம் என்று நாளும் வைத்தாயிற்று.

அந்த நேரத்தில்தான் மாமா எழுந்து நின்று, சபையில் வைத்து, "ஓடு முழுக்க நான்! மாமன் குடுக்கிற சீர்!" என்றார். அம்மா அழுதுவிட்டா. சொன்னபடி ஒரு லொறி ஓடு வந்து இறங்கியது. அருமையான ஓடு. முன்பக்கம், விறாந்தை, ஹோல், ஒரு அறை என்று பாதி வீடு மூடியது. மிச்ச ஓட்டுக்கும் சொல்லியாயிற்று, அடுத்த லொறியில் வருகிறது என்றார்.

அடுத்த லொறி வரவேயில்லை. கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு காரணம். லொறி பழுது என்றார். பிறகு சாரதிக்குக் காய்ச்சல் என்றார். அம்மா தினமும் காலையில் வாசல் கூட்டும்போது றோட்டை எட்டிப் பார்ப்பா. ஆடி பிறந்தும் வரவில்லை என்றதும், சரி, மிச்சக் கூரைக்கு நானே வங்கியில் கடன் எடுக்கிறேன் என்று கிளம்பினேன். மாமாவிடம் சொல்லவில்லை. அவர் மனம் நோகும் என்று நினைத்தேன். (எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் எனக்கு.)

விண்ணப்பம் கொடுத்தது புளியந்தீவில் வேறொரு வங்கியில். கடன் பகுதியில் இருந்தது நிலோஜினி, என்னிடம் படித்த பிள்ளை. "கொழும்பில இருந்து உங்கட கடன் றிப்போட் எடுத்துப் பாப்பம் சேர், அது வழமையான ஒண்டுதான்" என்றாள். நான் சிரித்தேன். என் பேரில் எங்கேயும் ஒரு சதக் கடன் கிடையாது. என் றிப்போட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் அவளிடமிருந்து அழைப்பு. "சேர், ஒருக்கா வந்து போக ஏலுமா?" வேறென்ன, கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறாள்.

அன்றைக்குத்தான் மாப்பிள்ளையின் தாயார் காத்தான்குடிக்குக் கூறைச் சேலை எடுக்க வருவதாக இருந்தது. பெண்வீட்டில் ஒருவர் கூடப் போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. தயாவின் அளவுச் சட்டையை ஒரு பையில் போட்டு என்னிடம் தந்துவிட்டா. நான் கூட்டாளி ஒருவனின் காரை இரவல் வாங்கி, மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் மாமியை ஏற்றிக்கொண்டேன். நான் அவரை முறைப்படி மாமி என்றுதான் கூப்பிடுவேன். மெலிந்த, அதிகம் பேசாத மனுசி. பேசாதவர்களோடு காரில் போனால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"மாமி, போற வழியில பேங்கில ஒரு சின்ன வேல. ஒரு கையெழுத்து மட்டுந்தான். எனக்கெல்லாம் அவங்க லோன் தாறதுக்கு யோசிக்க மாட்டாங்க. ஒரு சதக் கடன் இல்லாத ஆள்."

"நல்லது மனே" என்றார் மாமி.

"காருக்குள்ள வெக்கையா இரிக்கும். உள்ளுக்கு வாங்க, ஏசி இரிக்கு."

இப்படி, நானே என் கையால் கூட்டிக்கொண்டு போய், நிலோஜினியின் மேசைக்கு முன்னால் எனக்குப் பக்கத்துக் கதிரையில் சம்பந்தியம்மாவை இருத்தினேன்.

நிலோஜினி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சேர், மனேஜர்ட அறைக்குள்ள போய்க் கதைப்பமா?"

"என்னத்துக்குப் புள்ள? இவங்க நம்மட தயாட மாமியார். நம்மட ஆக்கள்தான். சத்தமாவே சொல்லுங்க."

"இல்ல சேர், கொஞ்சம் தனிய..."

"ஒளிக்கிறதுக்கு என்ன கிடக்கு? சொல்லுங்க!"

அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்ற எவ்வளவோ பார்த்தாள். நான்தான் விடவில்லை.

"சேர்ட பேரில ஒரு மேலதிகப்பற்று கட்டாமக் கிடக்கு. ஒரு செக்கும் காசில்லாமத் திரும்பியிரிக்கு. அதால இந்த லோனக் குடுக்க ஏலாது எண்டு சொல்லிட்டாங்க."

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். "கொழும்பில பிழையா அடிச்சிருப்பாங்க. என்ட பேரில ஊருக்கு நாலு பேர் இரிக்கான். என்னட்ட செக் புத்தகமே இல்லையே!"

"அடையாள அட்டை இலக்கம் சேர்டதுதான்." அவள் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "பழுகாமத்தில சொந்தக்காரர் ஆரும் இரிக்காங்களா சேர்?"

என் பக்கத்திலிருந்து, காரில் ஏறியதிலிருந்து இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத மாமி, உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு பதில் சொன்னார்.

"இவங்கட மாமா பழுகாமந்தானே. ஓடு வாங்கிக் குடுத்தவரு."

ஓடு! ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. எங்கள் கூரையில் ஏறியிருந்த பாதி ஓடு மாமாவின் சீர் இல்லை, அந்தக் கூட்டுக் கணக்கின் மேலதிகப்பற்று. வராத பாதி ஓட்டுக்குக் கொடுத்ததுதான் திரும்பிய செக். லொறிக்கு ஒரு பழுதும் இல்லை. அந்தச் சாரதிக்கும் காய்ச்சல் வந்திருக்காது.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "அது மாமா எடுத்த கடன். செக்கில இரிக்கிறது அவர்ட கையெழுத்து. நான் ஒரு சதமும் தொடல்ல. அப்பிடியே பாத்தாலும் எனக்குப் பாதிதானே வரும்?"

நிலோஜினி மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "கூட்டாயும் தனித்தனியாயும் பொறுப்பு எண்டு சேர்தானே எங்களுக்குப் படிப்பிச்ச. பாதி பாதி இல்ல, ரெண்டு பேருக்கும் முழுக்க எண்டு. அந்தத் தோணிக் கதையும் சொல்லுவீங்களே."

"என்ன தோணிக் கதை?" என்று மாமி கேட்டார். இப்போதுதான் அவருக்கு ஆர்வம் வந்திருந்தது.

நிலோஜினி சொன்னாள், என் வகுப்பில் நான் சொல்வது போலவே. இரண்டு பேர் சேர்ந்து ஒரு தோணியை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். வாவியின் நடுவில் ஒருவன் குதித்து நீந்திப் போய்விடுகிறான். கரைக்கு வந்ததும் தோணிக்காரன் யாரிடம் காசு கேட்பான்? தோணியில் இருப்பவனிடம்தான். பாதியையா கேட்பான்? முழுதையும் கேட்பான்.

மாமி அதைக் கவனமாகக் கேட்டு, தலையை ஆட்டி, என்னைப் பார்த்துச் சொன்னார். "அப்ப நீந்திப் போனது மாமா. தோணியில இரிக்கிறது நீங்க."

இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு முழுப் பாடவேளை எடுத்து நான் விளக்குவதை இந்த மனுசி ஒரு வரியில் முடித்துவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் மெச்சியிருப்பேன்.

புளியந்தீவிலிருந்து காத்தான்குடிக்குத் தூரம் அதிகமில்லை. அன்றைக்கு அது கொழும்புத் தூரம் மாதிரி நீண்டது. என் வாய் முதல்முறையாகச் சும்மா இருந்தது. கலியாணம் குழம்பிவிட்டது என்றே முடிவு கட்டினேன். கடன்காரன் வீட்டில் யார் சம்பந்தம் செய்வார்கள்? அதுவும், ஒரு சதக் கடன் இல்லை என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அகப்பட்ட கடன்காரன். தயாவிடம் என்ன சொல்வது, அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கடையில் மாமி சேலைகளை ஒவ்வொன்றாக விரிக்கச் சொன்னார். கரையைத் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் அளவுச் சட்டைப் பையைக் கட்டிப் பிடித்தபடி, தண்டனை கேட்க வந்தவன் போல நின்றேன். கடைசியில் ஒரு சிவப்புச் சேலையை எடுத்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தயாக்கு இந்த நிறம் எடுக்குமா?"

"எடுக்கும் மாமி" என்றேன்.

"என்ன மனே, முகம் கறுத்துப் போய்க் கிடக்கு? நாங்க ஓட்டையா கட்டுறம், பொண்ணத்தானே கட்டுறம்." சேலையை மடித்துக் கடைக்காரரிடம் நீட்டினார். "எங்கட வீட்டிலயும் ஒரு மாமா இரிக்காரு. அவரு இன்னும் பேங்குக்குப் போகல்ல, அவ்வளவுதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேலைக் கடையில் நின்று அழுத ஆம்பிளை என்ற பெயரும் சேர்ந்துவிடும் என்று பயந்து, நிறம் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆனா மழைக்கு முதல் கூரை வேணும்" என்றார் மாமி, காரில் ஏறும்போது. "ஓடோ, தகரமோ, என்ட மகன் நனையக் கூடாது."

அடுத்த நாளே மாமாவைப் பார்க்கப் போனேன். என்ன பேசுவது என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது மிகவும் கடுமையான பேச்சாக இருந்தது. இறங்கும்போது இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். மாமா வயலில் காவல் பரணுக்குக் கீழே நின்று ஒரு மரத்தால் முண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். மாரியில் விதைத்த பெரும்போக வெள்ளாமை நின்ற இடம் முழுக்க மிதிபட்டுக் கிடந்து, அப்படியே காய்ந்திருந்தது.

"வா மருமகன். கூறை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. பேங்குக்கும் போனன்."

மாமா கையிலிருந்த மரத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஏன் மாமா ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

"என்னெண்டு சொல்லுற?" அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "மாமன் ஓடு குடுத்தான் எண்டு ஊரெல்லாம் கதைக்குது. அது மருமகன்ட பேரிலயும் சேத்து வாங்கின கடன் எண்டு நான் எந்த வாயால சொல்லுறது? வெள்ளாம வெட்டினதும் எல்லாத்தையும் அடைப்பம் எண்டுதான் இருந்தன். அதுக்குள்ள யானை இறங்கிற்று. பேங்குக் கடிதாசி வரவர என்னெண்டு பிரிக்கிற எண்டு பயத்தில அப்பிடியே வைச்சிட்டன்."

எனக்குக் கோபம் இருந்தது, அது உண்மை. ஆனால் மீசை நரைத்த மனுசன் தலை குனிந்து நிற்கும்போது, பாலத்தில் தயாரித்த பேச்சில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. கொழும்பு றிப்போட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு இடம் இருக்கிறது, யானைக்கு மட்டும் இல்லை. யானை தின்றது மாமாவின் நெல்லை, குறைந்தது என் மதிப்பு. யாரோடு சேர்ந்து கணக்கு வைக்கிறோமோ, அவருடைய மழையும் வெயிலும் யானையும் நம் பேரிலும்தான் எழுதப்படும் என்பதை, படிப்பிக்கிற எனக்கே அந்த வயலில்தான் விளங்கியது.

மாமா ஒரு சோடி எருமையை விற்றார். நான் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போட்டேன். எல்லாவற்றையும் அடைக்க நாளெடுத்தது. அடைத்த பிறகும் றிப்போட்டில் அந்தக் கறை உடனே போய்விடாது, கொஞ்சக் காலம் அங்கேயே கிடக்கும் என்று நிலோஜினி சொன்னாள். கணக்கை மூட இருவரும் சேர்ந்து போனோம். மாமா புதுச் சட்டை போட்டு வந்தார். வங்கியில் எங்களுக்கு இரண்டு கதிரை போட்டார்கள். மாமா என் காதுக்குள் சொன்னார். "பாத்தியா மருமகன், கதிர போட்டுக் கதைக்கான்."

ஆவணிக்கு இதெல்லாம் உதவவில்லை. கடன் கிடைக்காததால் மிச்சப் பாதி வீட்டுக்குத் தகரம் போட்டேன். தயா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் கலியாணத்தன்று வெயில் கொளுத்தியது. தகரத்தின் கீழே பந்தி போட்டால் அப்பளம் பொரிக்க எண்ணெய் தேவைப்பட்டிருக்காது. வந்த சனம் முழுக்க முன்பக்கம் ஓட்டின் கீழ் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து, "மாமன் பக்கம் என்ன குளிர்ச்சி! மாமன் எண்டா இப்பிடி இரிக்கணும்!" என்றார்கள். மாமா மீசையைத் தடவிக்கொண்டு நடுவில் இருந்தார். நான் என் பக்கத்தில் தனியாக வியர்த்துக்கொண்டு நின்றேன். மாமி வெளியே ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் செங்கலடியிலிருந்து வந்த ஒவ்வொருவரும் வாசலில் செருப்பைக் கழற்றியதும் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள்.

அந்தக் கூரை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மாற்றுவதற்குப் பிறகு வசதி வந்தது, தயாவின் புருசன் விடவில்லை. மாரி மழை தொடங்கினால் மாமா பக்கம் ஒரு சத்தமும் இராது. என் பக்கமோ, அருகில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. நான் போனால் எனக்குக் கதிரை எப்போதும் என் பக்கத்தில்தான் போடுவார்கள்.

போன மார்கழியில் அப்படித்தான் இருந்தேன். நல்ல மழை. மாமாவும் வந்திருந்தார். இப்போது கைத்தடியோடுதான் நடக்கிறார், ஆனால் குரல் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, கதிரையை இழுத்து எனக்குக் கிட்டப் போட்டார்.

"மருமகன், வயல் உழ ஒரு லேண்ட்மாஸ்டர் எடுப்பம் எண்டு யோசிக்கன். உன்ட பேரும் சேந்து கிடந்தா..."

நான் தகரத்தைக் காட்டி, காதைக் காட்டி, கையை விரித்தேன். மாமா இன்னும் உரத்துச் சொன்னார். நான் இன்னும் பலமாகத் தலையை ஆட்டி, ஒன்றும் கேட்கவில்லை என்றேன். மூன்றாம் முறையும் அதே.

ஓடு போட்ட மாமா பக்கத்து அறையிலிருந்து தயாவின் புருசன் எட்டிப் பார்த்தார்.

"மச்சான், மழை விட்டு எவ்வளவு நேரமாச்சு!"